பர்மிங்ஹாம் இரட்டைக்குழலும் நாட்டுத் துப்பாக்கியும்

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 13-ஆம் பிரிவைப் படித்தால் இரண்டு துப்பாக்கிகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். ஒன்று, 20 அங்குலத்துக்குக் குறையாத நீளமும், உள்ளே புரி வெட்டாத குழலும் கொண்டது. பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ அதைக் கேட்கலாம். மற்றது, வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. மெய்யாகவே பயிர் காக்கிறவர் அதைக் கேட்கலாம். உரிமத்தில் முதல் வகையின் இரட்டைக்குழலுக்கு டி.பி.பி.எல். என்று பெயர், இரண்டாவதன் ஒற்றைக்குழலுக்கு எஸ்.பி.எம்.எல். கடைக்காரரும் காவல் நிலைய எழுத்தரும் இந்த எழுத்துகளாலேயே பேசிக்கொள்வார்கள்.

சாதாரண மனிதர்கள் காடையும் கௌதாரியும் அடித்த துப்பாக்கி எது என்று கேட்டால் இந்த இரண்டையும்தான் எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். பார்த்தால் ஒன்று புலப்படும். விளையாட்டு, பயிர்க்காவல் என்று சட்டம் இரண்டு தேவைகளை ஏற்றுக்கொண்டது. பறவையைச் சுட்டு உலையில் போட்டவனையும் சந்தையில் விற்றவனையும் அது கணக்கில் எடுக்கவே இல்லை.

இரட்டைக்குழலின் கதையை மும்பையிலிருந்து தொடங்குவது பொருத்தம். காலா கோடாவில், டேவிட் சசூன் நூலகத்தை ஒட்டி ஆர்மி அண்டு நேவி கட்டடம் இன்றும் நிற்கிறது. லண்டனின் ஆர்மி அண்டு நேவி கூட்டுறவு நிறுவனம் 1891-இல் பம்பாயில் கடை திறந்தது. ராணுவ அதிகாரிகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் வேண்டிய சாமான் எல்லாம் விற்றார்கள். துப்பாக்கியும் அதில் ஒன்று. குழலின் மேல் கடையின் பெயர்தான் பொறித்திருக்கும். செய்தது பெரும்பாலும் பர்மிங்ஹாம் பட்டறைகள், குறிப்பாக வெப்லி. இப்படி ஊர் ஊராக இருந்த கடைகளின் பெயரைத் தாங்கி ஆயிரக்கணக்கான இரட்டைக்குழல்கள் பர்மிங்ஹாமிலிருந்து உலகெங்கும் போயின. லண்டனில் பர்டியோ ஹாலந்தோ கையால் இழைத்துத் தந்த துப்பாக்கி பிரபுக்களுக்கு. இது சம்பளக்காரனுக்கு.

அந்த விலைக்குக் காரணம் ஓர் இயந்திர யோசனை. 1875-இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தின் ஆன்சனும் டீலியும் பாக்ஸ்லாக் அமைப்புக்கு உரிமை பெற்றார்கள். அதற்கு முன் பெரும்பாலும் குழலுக்கு வெளியே இரண்டு குதிரைகள் நிற்கும். சுடும் முன் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஆன்சனும் டீலியும் குதிரைகளை இரும்புப் பெட்டிக்குள் புகுத்தினார்கள். குழலை மடக்கித் திறக்கிற அசைவே அவற்றை ஏற்றி வைத்துவிடும். உறுப்புகள் குறைந்தன, செலவு குறைந்தது, பழுதும் குறைந்தது. இன்றும் இரட்டைக்குழல் செய்கிற பல பட்டறைகளில் இதே அமைப்புதான்.

இப்படி ஒரு பழைய துப்பாக்கியை மடியில் வைத்துப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். முன்கட்டையைக் கழற்றி, மேல்நெம்பைத் தள்ளி மடக்கினால் குழல் தனியாகவும் பின்கட்டை தனியாகவும் வந்துவிடும். குழலின் அடிப்பட்டையைத் திருப்பினால் அதன் ஜாதகமே அங்கே இருக்கும். பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் கிரீட முத்திரை, துளையின் அளவான 12, புகையில்லா மருந்தைத் தாங்கும் என்பதற்கான முத்திரை, தோட்டா அமரும் அறையின் நீளம். ஒரு ராத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை புகும் அளவுக்கான துளைதான் 12 போர். விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். பழைய துப்பாக்கிகளில் அறை பெரும்பாலும் இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இப்போது பரவலாகக் கிடைப்பது 70 மில்லிமீட்டர் தோட்டா. அது உள்ளே நுழைந்துவிடும் என்பதுதான் ஆபத்து. வெடிக்கும்போது அதன் வாய்மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். தாத்தாவின் துப்பாக்கியைப் பரணிலிருந்து எடுக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான்.

இரண்டு குழல் என்பது இரண்டு தடவை சுடலாம் என்பதோடு முடிவதில்லை. வலக்குழலின் வாய் சற்றுத் திறந்தது, இடக்குழலின் வாய் சற்றுக் குறுகியது. முன்விசை வலதுக்கு, பின்விசை இடதுக்கு. பறவை காலடியிலிருந்து கிளம்பினால் முன்விசை. ரவை சீக்கிரம் விரியும். தப்பித் தொலைவுக்குப் போனால் பின்விசை. ரவை நெருக்கமாகவே போகும். சேற்று வயலில் கோணல்மாணலாகப் பறக்கும் உள்ளானைச் சுடுகிறவனுக்கு இந்த ஒரு கணத் தேர்வுதான் எல்லாம். ஒரு தோட்டாவில் சுமார் 30 கிராம் ஈயம். ஆறாம் எண் ரவையானால் 280-க்கு மேல், உள்ளானுக்கான எட்டாம் எண்ணானால் 470-க்கு மேல். 40 கெஜத்துக்கு அப்பால் இந்தக் கொத்து ஓட்டை விழுந்த வலையாகிவிடும்.

இனி மற்றதை எடுப்போம். நாட்டுத் துப்பாக்கிக்கு முத்திரை கிடையாது, தொடர் எண் பெரும்பாலும் கிடையாது, செய்தவர் பெயர் அறவே கிடையாது. நீண்ட ஒற்றைக்குழல், கொல்லுப்பட்டறையில் ஒட்டுப்போட்ட குதிரை, உள்ளூர் மரத்தில் செதுக்கிய கட்டை, குழலுக்கு அடியில் செருகிய கெசக்கோல். முதலில் கரிமருந்தைக் குழல்வாயில் கொட்டி, தேங்காய் நாரோ கந்தலோ வைத்துக் கெசக்கோலால் இடிக்க வேண்டும். பிறகு ரவை, அது உருண்டு விழாமலிருக்க மேலே இன்னொரு அடைப்பு. கடைசியில் குதிரைக்குக் கீழே, தட்டினால் வெடிக்கும் கேப். தேர்ந்த கை செய்தாலும் அரை நிமிடத்துக்குக் குறையாது. அதற்குள் கொக்குக் கூட்டம் அடுத்த ஏரிக்குப் போய்விடும்.

அந்தக் கேப்புக்கும் பறவை வேட்டைக்கும் உறவு உண்டு. சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் பொறி பறந்து, மருந்து பற்றி, குண்டு வெளியேறுவதற்குள் பறவை ஒளியைக் கண்டு எழும்பிவிடும். வேட்டைப் பிரியரான ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் அதற்கு மாற்றுத் தேடினார். தட்டினால் வெடிக்கும் மருந்தைப் பயன்படுத்தி 1807-இல் அவர் உரிமை பெற்ற விசையிலிருந்துதான் கேப் பிறந்தது. போர்க்களத்துக்கு அது பின்னால் போனது.

இரண்டிலும் எது மலிவு? துப்பாக்கியின் விலையைக் கேட்டால் விடை சுலபம். ஆனால் வேட்டைக்காரன் துப்பாக்கியை ஒருமுறைதான் வாங்குகிறான்; அதற்குத் தீனி ஆயுள் முழுக்கப் போட வேண்டும். இரட்டைக்குழலின் தீனி தொழிற்சாலையில் வேகிறது. வெள்ளையர் காலத்தில் ஈலி, கைனாக் தோட்டாக்கள் கப்பலில் வந்தன. சுதந்திரத்துக்குப் பின் புனேயை அடுத்த கட்கி வெடிபொருள் தொழிற்சாலையின் சக்திமான் தோட்டாக்கள். எத்தனை வாங்கலாம் என்பதை உரிமமே வரையறுக்கும். தோட்டா இல்லாத பாக்ஸ்லாக், எண்ணெய் பூசிய இரும்பு. நாட்டுத் துப்பாக்கியின் தீனியோ கையளவில் கூட்டலாம், குறைக்கலாம். காடைக்கு ஒரு சிட்டிகை, நாரைக்கு இன்னும் கொஞ்சம். சாமானியனின் பறவைத் துப்பாக்கி என்ற பெயருக்கு உரியது இதுதான் என்பது என் முடிவு. பாக்ஸ்லாக் எவ்வளவு மலிந்தாலும் அது மாதச் சம்பளம் வாங்கியவனின் மலிவு.

அதற்காக நாட்டுத் துப்பாக்கிக்குப் பரிந்து பொய் சொல்லக் கூடாது. கரிமருந்தின் கசடு ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் ஒருநாள் கழுவாமல் வைத்தால் துரு ஏறும். கெட்டித்ததை மறந்து மேலேயே இன்னொரு தடவை கெட்டித்துக் குழல் வெடித்துக் கையிழந்தவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. முத்திரை இல்லாத குழலில், வெடிக்கிற வரைக்கும் அது தாங்குமா என்று சொல்ல ஆளில்லை. இந்த ஒரு விஷயத்தில் பர்மிங்ஹாமின் கிரீட முத்திரைக்கு முன் நிற்க நாட்டுத் துப்பாக்கிக்கு வழியில்லை.

துப்பாக்கி ஏந்திய பையன்கள் இருவரைப் பற்றி நமக்கு எழுத்தில் இருக்கிறது. ஜிம் கார்பெட்டுக்குச் சிறுவயதில் கிடைத்த முதல் துப்பாக்கி வாய்வழி கெட்டிக்கும் பழைய இரட்டைக்குழல். ஒரு குழல் பிளந்திருந்தது. கட்டையும் குழலும் பித்தளைக் கம்பியால் வரிந்து கட்டப்பட்டிருந்தன. குமாவுன் பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்த உறவினர், பறவை சேகரித்துத் தந்ததற்காக அதைக் கொடுத்தார். பம்பாயில் சலீம் அலிக்கு மாமா அமீருத்தீன் தியாப்ஜி கொடுத்தது காற்றுத் துப்பாக்கி. அதில் விழுந்த மஞ்சள் தொண்டைக் குருவியைத் தூக்கிக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போன பையன், அங்கே செயலாளர் மில்லார்டைப் பார்த்ததிலிருந்து இந்தியப் பறவையியலின் ஒரு தடம் தொடங்குகிறது. சலீம் அலியின் குடும்பம் கோடையைக் கழித்த இடங்களில் எங்கள் மும்பைச் செம்பூரும் ஒன்று. அப்போது அது காடு சூழ்ந்த சிற்றூர். இன்று செம்பூர் நிலையத்தில் இறங்கி இட்லிக் கடை தேடுகிற தமிழர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பின்னாளில் ஹைதராபாத்திலும் திருவிதாங்கூரிலும் பறவைக் கணக்கெடுப்பு நடத்தியபோதும் அவர் மாதிரிகளுக்காகச் சுட்டார். அதை மறைக்கவும் இல்லை. ஒரு பறவையை எடுத்து அந்த இனத்தையே அறிந்துகொண்ட சூடு அது. அதை மற்ற வேட்டையோடு சேர்த்துத் திட்டுவது நியாயமில்லை.

திட்ட வேண்டியது வேறு இருக்கிறது. பரத்பூரின் கேவலாதேவ் நீர்நிலையில் நிற்கும் கல்வெட்டில் 1938 நவம்பர் 12-ஆம் தேதிக் கணக்கு இருக்கிறது. வைஸ்ராய் லின்லித்கோ விருந்தினராக வந்த அன்று விழுந்த பறவைகள் 4,273. வாய்வழித் துப்பாக்கியால் இது நடக்காது. மடக்கித் திறந்து, இரண்டு தோட்டா செருகி, மூடிச் சுட முடிகிற வேகமும், பக்கத்தில் நின்று மாற்றுத் துப்பாக்கி நீட்ட ஆளும் இருந்தால்தான் ஒரு நாளில் ஏரியைக் காலி செய்ய முடியும். இந்த விருந்தினர் கூட்டம் பறக்கிற பறவையைச் சுடுவதே மரியாதை என்றது. தரையில் உட்கார்ந்த கூட்டத்தை நோக்கிச் சுடுகிறவனை இழிவாகப் பார்த்தது. ஒரே சூடு, அதற்கு ஒரு பிடி மருந்து, வீட்டில் ஐந்து வயிறு என்றால் உட்கார்ந்த கூட்டத்தைத்தான் சுட வேண்டும். நாட்டுத் துப்பாக்கிக்காரன் வயற்காட்டில் தவழ்ந்து நெருங்குவதற்குள் பாதிக் கூட்டம் பறந்துவிடும் என்பதே பறவைகளுக்கு இருந்த பாதுகாப்பு.

தமிழ்நாட்டில் அந்த ஒரே சூட்டை நம்பியவர்களில் முதன்மையானவர்கள் நரிக்குறவர்கள். கண்ணி, வலை, பறவைகளைக் குரல் கொடுத்து அழைக்கும் வித்தை எல்லாம் போக, தோளில் தொங்கியது நாட்டுத் துப்பாக்கி. துப்பாக்கிக்காரனை ஊரே தடுத்த கதையும் நம்மிடம்தான் இருக்கிறது. வேடந்தாங்கலில் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து மக்கள் முறையிட்டார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கரைந்த ஏரித்தண்ணீர் நெல்லுக்கு உரம் என்று ஊர்மக்கள் அறிந்திருந்தார்கள்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சில பறவைகளை மட்டும் உரிமம் பெற்றுச் சுடலாம் என்று அதில் விட்டு வைத்திருந்த வாசலையும் 1991 திருத்தம் அடைத்தது. அடைத்தது சரி. தானே கடற்கழியில் செம்பூரை அடுத்த மாகுல் சேற்றில் பூநாரைகள் இறங்குவதை ஒருமுறை பார்த்தவர்கள் வேறு மாதிரி பேச மாட்டார்கள். ஆனால் தடையின் சுமை இரண்டு கைகளில் ஒரே மாதிரி விழவில்லை. பாக்ஸ்லாக் வைத்திருந்தவர் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கை இழந்தார். உரிமத்தைப் பாதுகாப்பு என்ற பெயரில் புதுப்பித்துக்கொண்டார். பொருளின் மதிப்பும் ஏறியது. 1980-களில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி அடைபட்டதால், இங்கிலாந்து ஏலங்களில் சில நூறு பவுண்டுக்குப் போகும் சாதாரணப் பழைய பாக்ஸ்லாக் இங்கே பெருமைக்குரிய சொத்தாகிவிட்டது. நரிக்குறவர் இழந்தது தொழிலை. ஊசிமணி, பாசிமணி விற்க ரயில் நிலையங்களுக்கு வந்தவர்களுக்கு மாற்றுத் தொழில் என்று யாரும் எதையும் கையில் கொடுக்கவில்லை. அவர்களையும் குருவிக்காரரையும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியதே 2022 டிசம்பரில்தான்.

இன்னொரு வேற்றுமை என்னை அதிகம் உறுத்துகிறது. வெப்லியின் தொடர் எண் இருந்தால் அது என்றைக்கு யாருக்கு அனுப்பப்பட்டது என்பதைப் பழைய பேரேடுகளில் தேடலாம்; ஏலக்காரர்கள் தேடியும் தருகிறார்கள். நாட்டுத் துப்பாக்கிக்கு வாழ்க்கைக் குறிப்பு என்று இருப்பது முதல் தகவல் அறிக்கை மட்டுமே: இன்ன ஊர்க் காட்டில், இன்ன இரவில், உரிமமில்லாத துப்பாக்கி ஒன்று பறிமுதல். வழக்கு முடிந்தபின் இப்படிப் பறிமுதலானவை உருக்கவோ நொறுக்கவோ போகின்றன. அவற்றில் வயதான சிலவற்றைச் சுட முடியாதபடி செயலிழக்கச் செய்து எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம். கூடவே, இன்னும் உயிரோடிருக்கும் நரிக்குறவப் பெரியவர்களை உட்கார வைத்து, குழல் எங்கே வாங்கினார்கள், கட்டைக்கு எந்த மரம், எந்தப் பறவைக்கு எவ்வளவு மருந்து என்பதை அவர்கள் வாய்மொழியாகவே பதிந்து வைக்க வேண்டும். பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.