கரையோரத்தில் உறையும் கணனி

மனிதன் ஆக்கிய கருவிகளுட் பல, காலப்போக்கில் அவன் கருத்தினின்றும் மறைந்து சூழலோடு ஒன்றிவிடுகின்றன. பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஒரு காலத்திற் புதுமையாக இருந்தது. இன்று பாங்கோசை கேட்கும் எவரும் கருவியை நினைப்பதில்லை. கணனியும் இவ்வழியே செல்லும் என்று 1991இல் கட்டுரையொன்றில் விளக்கினார், அமெரிக்காவின் செறொக்ஸ் நிறுவன ஆய்வாளர் மார்க் வைசர். மேசைமேற் பெட்டியாக அன்றி, அறையெங்கும் பொருள்களுள் உறையும் பல சிறு கணனிகளாக அவர் அதனைக் கண்டார்.

கல்முனைக் கரையில் இது உயிரோடு தொடர்புற்ற விடயமாயிற்று. 2004 டிசெம்பர் 26 காலை, சுமாத்திராவுக்கு அப்பால் 9.1 அளவான நிலநடுக்கம் ஏற்பட்டது. கால் மணி நேரத்துள் ஹவாயிலிருந்த எச்சரிக்கை நிலையம் முதல் அறிவித்தலை வெளியிட்டது. ஆயின் அது பசுபிக் நாடுகளுக்கானது. இந்து சமுத்திரத்துக்கென அத்தகைய அமைப்பு அன்று இருக்கவில்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தின் பின் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களை அலை விழுங்கியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையின் வேறெம் மாவட்டமும் அன்று இத்துணை உயிர்களை இழக்கவில்லை. காலம் இருந்தது, செய்திதான் வரவில்லை.

அதன் பின்னரே கணனி நம் கடலினுட் குடிபுகுந்தது. கடலடியில் வைக்கப்படும் அமுக்கமானி, மேலுள்ள நீரின் பாரத்தை இடையறாது அளக்கிறது. அதனோடிணைந்த சிறு கணனி, அவ்வளவை எதிர்பார்த்த வற்றுப்பெருக்கோடு ஒப்பிடுகிறது. மாறுபாடு தோன்றின் ஒலியலையால் மிதவைக்கும், அங்கிருந்து செய்மதி வழியே கரைக்கும் செய்தி செல்கிறது. 2007 ஒக்டோபரில் ஹைதராபாத்தில் இந்திய எச்சரிக்கை நிலையம் தொடங்கியது. இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் வழி அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவாயிற்று. கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. 2009இல் டயலொக் நிறுவனமும் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் பங்குகொண்ட முயற்சியால், கையடக்கத் தொலைபேசி வலையமைப்பும் எச்சரிக்கைக்குத் துணையாயிற்று.

2012 ஏப்ரல் 11இல் இவ்வேற்பாடு சோதனைக்குள்ளானது. சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவான நடுக்கம் நிகழ, எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கரையோர மக்கள் உட்புறம் நகர்ந்தனர். நிலத்தட்டு பக்கவாட்டில் வழுவியமையால் பேரலை எழவில்லை. ஆயினும் இம்முறை செய்தி மக்களை முந்திக்கொண்டு வந்தடைந்தது.

எனினும், மறைந்துறையும் கருவிக்கு ஒரு குறையுண்டு: அது பழுதுறுவதும் மறைவாகவே நிகழும். கோபுரங்கள் செயலிழந்தமை பற்றிப் பின்னாளிற் செய்திகள் வெளிவந்தன. உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், மின்கலம் வலுவிழக்கும். ஆண்டுக்கணக்கில் மௌனமாக நிற்கும் கோபுரத்தின் குறையை யார் அறிவர்? பள்ளிவாசல் ஒலிபெருக்கியோ நாளொன்றுக்கு ஐந்து வேளை ஒலிக்கிறது. அது பழுதுற்றால் அடுத்த தொழுகைக்குள் ஊரே அறியும், திருத்தவும் ஆளுண்டு.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை இதுவே. அன்றாடப் பயன்பாட்டிலுள்ள பொருளோடு இணைந்த கணனியே ஆபத்து வேளையில் நம்பத்தக்கது. ஆகவே பள்ளிவாசல், கோயில், பாடசாலை ஆகியவற்றின் ஒலிபெருக்கிகளை எச்சரிக்கை வலையமைப்போடு முறையாக இணைத்தலும், அதனை மாதந்தோறும் தமிழில் ஒலிக்கச் செய்து பரிசோதித்தலும் வேண்டும். கடலடிக் கருவி எத்துணை நுண்ணியதாயினும், இறுதிச் சொல் ஊரவர் காதில் விழுந்தாலன்றிப் பயனில்லை.