ஒளியில்லாச் சுடரும் ஒளி தந்த கல்லும்

மின்சாரம் லயங்களை எட்டாத காலத்தில், ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களிலே காமன் கூத்து நிகழும் இரவைப் பகலாக்கியது பெற்றோமக்ஸ் விளக்கு. அதனை ஏற்றுபவர் அறிந்த உண்மை ஒன்றுண்டு. ஒளியைத் தருவது சுடர் அன்று. சுடரிலே கனலும் மேன்டில் என்னும் வெண்ணிற வலையே. வலை உதிர்ந்துவிட்டால் எஞ்சுவது மங்கிய நீலச் சுவாலை மாத்திரமே. மண்ணெண்ணெய் ஆவிக்குப் பயன்பட்ட இவ்வலை, முதலில் ஐதரசன் மிகுந்த வேறொரு வாயுவுக்காகப் பிறந்தது.

1812 இல் இலண்டனில் வாயு விளக்குக் கம்பனி அமைந்தது. காற்றுப் புகாமல் நிலக்கரியைச் சூடாக்கிப் பெற்ற அவ்வாயுவில் ஏறக்குறையப் பாதி ஐதரசன். ஆயினும் தெருவை ஒளிரச் செய்தது ஐதரசன் அன்று. தனித்து எரியும் ஐதரசனில் கரித்துகள் உண்டாவதில்லை. பகலில் அதன் சுடர் கண்ணுக்கே புலப்படாது. வாயுவிற் சிறிதளவே இருந்த எதிலீன், பென்சீன் ஆவிகள் சிதைந்து, அவற்றின் கரித்துகள் கனன்றமையாலேயே மஞ்சள் ஒளி பிறந்தது. ஐதரசன் வெப்பத்தைக் கொடுத்தது. புகழைக் கரி பெற்றது.

ஆஸ்திரிய வேதியியலறிஞர் அவுவர் வொன் வெல்ஸ்பாக் 1885 இல் இம்முறையை மாற்றினார். 1891 இல் அவர் திருத்தியமைத்த வலையில் 99 பங்கு தோரியம் ஒட்சைட்டு, 1 பங்கு சீரியம் ஒட்சைட்டு. இனி வாயு தானாக ஒளிர வேண்டியதில்லை. சூடாக எரிந்தாற் போதும். பழுக்கக் காய்ந்த கற்கரிமீது நீராவியைச் செலுத்திப் பெற்ற மலிவான நீர்வாயுவும், அதாவது ஐதரசனும் நச்சுத்தன்மை வாய்ந்த காபனோரொட்சைட்டும் சேர்ந்த கலவையும், விளக்குக்கு உதவலாயிற்று. 1920 இல் பிரித்தானியச் சட்டம் வாயுவின் விலையை அது தரும் வெப்பத்தைக்கொண்டே கணிக்க வழிசெய்தது.

உலகம் தோரியத்தைத் தேடத் தொடங்கியது. 1904 இல் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணிப்பாளராயிருந்த ஆனந்த குமாரசுவாமி, மலைநாட்டின் தென்சரிவிலுள்ள பலாங்கொடைப் பகுதியில் மாணிக்கக் கற்கள் கிடைக்கும் சரளையிலிருந்து வந்த கரிய, கனத்த சிறு கனசதுரக் கற்களை ஆராய்ந்தார். முதலில் அவற்றை யுரேனினைற்று எனக் கொண்டார். இலண்டனில் டன்ஸ்டன் பகுத்தபோது, பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டே எனத் தெரிந்தது. தோரியனைற்று என்னும் பெயர் அதற்கு நிலைத்தது. கலை வரலாற்றுக்காகப் போற்றப்படும் குமாரசுவாமியின் இப்பணியைப் பலர் மறந்துவிட்டனர் என்பது வருந்தத்தக்கது.

ஐதரசன் சுடரின் நிறத்தை மாத்திரமன்றி அதன் ஓட்டத்தையும் மாற்றுகிறது. மெதேன் சுடர் வினாடிக்குச் சுமார் 40 சென்ரிமீற்றர் முன்னேறும். ஐதரசன் சுடரோ அதனினும் ஐந்தாறு மடங்கு விரையும். வாயு வெளிப்படும் வேகத்தைச் சுடர் விஞ்சினால் அது அடுப்பின் துளைக்குள்ளேயே பின்வாங்கிப் பாயும். மிக மெதுவாயின் துளையைவிட்டு மேலெழுந்து அணையும். 1967 முதல் 1977 வரை பிரித்தானியா நிலக்கரி வாயுவை விடுத்து இயற்கை வாயுவுக்கு மாறியபோது, வீடுதோறும் அடுப்புகளின் எரிமுனைகளை மாற்ற நேர்ந்ததன் காரணம் இதுவே. விரைந்த சுடருக்கென்று செய்த துளையில் மந்தச் சுடர் நிற்கவில்லை.

இன்று பயணம் எதிர்த்திசையில் நடக்கிறது. 2023 ஜனவரியில் குஜராத்தின் காவாஸ் மின்நிலையக் குடியிருப்பில் சமையல் வாயுவுடன் ஐதரசன் சேர்க்கப்படலாயிற்று. சிறிதளவு சேர்த்தால் சுடரின் வேகம் மெல்லவே ஏறும்; பாதியைக் கடந்தபின் சடுதியாக உயரும். எனவே எவ்வளவு என்பதே கேள்வி. 2021 இன் இறுதியில் இலங்கையின் சமையலறைகளில் எரிவாயு வெடிப்புகள் அடுத்தடுத்து நிகழ்ந்தபோது, விசாரணைக் குழு புரொப்பேன், பியூட்டேன் விகிதம் மாறியதையே காரணமாகக் குறித்தது. அங்கே ஐதரசன் இல்லை. ஆயினும் சேர்மானம் மாறியதை அடுப்படியில் நின்ற பெண்கள் அறியவில்லை.

ஐதரசனை 20 விழுக்காடு கலந்தாலும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 7 விழுக்காடே குறையும். ஏனெனில் ஒரே கனவளவில் அது மெதேன் தரும் வெப்பத்தின் மூன்றில் ஒரு பங்கையே தருகிறது.