சலிப்பின் மறுபாதி

எரிச்சலையும் சலிப்பையும் குறிக்கும் 'ஃபாஸ்தீதியம்' என்னும் இலத்தீன் சொல்லின் வரலாறு நம்மைச் சிந்திக்கவைக்கிறது. செருக்கைக் குறிக்கும் 'ஃபாஸ்துஸ்', சலிப்பைக் குறிக்கும் 'தைதியம்' ஆகிய இரண்டும் இணைந்து இச்சொல் பிறந்தது என்பர் சொல்லாய்வாளர். உரோமையர் இதனை உணவு தெவிட்டுதலுக்கும், பிறரை இகழ்ந்து முகஞ்சுளிப்பதற்கும் வழங்கினர். பேரின்பத்தின் அண்டையிலேயே தெவிட்டல் உறைகிறது என்று, கி.மு. 55இல் நாவன்மை பற்றி எழுதிய நூலில் சிசெரோ சுட்டுகிறார்.

இத்தாலிய மொழியில் இச்சொல் 'ஃபாஸ்தீதியோ' ஆகித் தொல்லையையும் எரிச்சலையும் குறிக்கிறது. ஸ்பானிய மொழியிலோ இதற்கு இரு வடிவங்கள் உண்டு. மக்கள் நாவில் முதலொலி தேய்ந்து உருவான 'அஸ்தீயோ' வெறுத்துப்போன சலிப்பைக் குறிக்கும்; ஏட்டு இலத்தீனிலிருந்து மீண்டும் பெற்ற 'ஃபாஸ்தீதியோ' எரிச்சலையும் குறிக்கும்.

இவ்வடிவங்களில் செருக்கு என்னும் பொருள் மங்கிச் சலிப்பே மேலோங்கிற்று. பிறர்மீது நாம் எரிச்சலுறும்போது, மங்கிய அம்மறுபாதியை நம் உள்ளத்தில் தேடிப் பார்ப்பது நலம்.