மையும் ஒரு தேதியும்

2016 செப்டம்பர் 13, செவ்வாய்க்கிழமை. அன்று காலையில் பல நாடுகளில், வீட்டிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த ஹெச்பி ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் அச்சடிக்க மறுத்தன. முதல் நாள் வரை ஒழுங்காக ஓடிய இயந்திரங்கள். கார்ட்ரிட்ஜ் பழுதாகிவிட்டது, மாற்றுங்கள் என்று திரையில் ஒரு செய்தி. மாற்றினால் மறுபடியும் அதே செய்தி. பாதிக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் ஓர் ஒற்றுமை இருந்தது. ஹெச்பியின் கார்ட்ரிட்ஜை வாங்காமல், வேறு கம்பெனி தயாரித்த விலை குறைந்த கார்ட்ரிட்ஜைப் போட்டிருந்தார்கள்.

முதலில் எல்லோரும் திட்டியது கார்ட்ரிட்ஜ் விற்றவரைத்தான். நாமும் அப்படித்தானே செய்வோம்? "மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினேன், ஏமாற்றிவிட்டான்" என்போம். நெதர்லாந்தில் இணையம் வழியாக மை விற்கும் ஒரு பெரிய கடைக்கு அந்த ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. சரக்கு ஒரே நாளில் இத்தனை பேருக்குக் கெட்டுப்போகாது என்று அவர்களுக்குச் சந்தேகம். ஆராய்ந்து பார்த்ததில் விஷயம் வெளிவந்தது. பல மாதங்களுக்கு முன்பே அந்தப் பிரிண்டர்களுக்குள் ஒரு புதிய ஃபர்ம்வேர் போய் உட்கார்ந்திருந்தது. அதற்குள் ஒரு தேதி எழுதப்பட்டிருந்தது. அந்தத் தேதி வரும்வரை எல்லாக் கார்ட்ரிட்ஜையும் ஏற்றுக்கொள், வந்த பிறகு நம்முடைய சிப் இல்லாததை ஒதுக்கு என்பது கட்டளை.

தேதி வைத்ததுதான் என்னை யோசிக்க வைக்கிறது. அப்டேட் செய்த மறுநாளே பிரிண்டர் மக்கர் செய்தால், அப்டேட்தான் காரணம் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். பல மாதம் கழித்து நின்றால் யார் மேல் சந்தேகம் வரும்?

ஃபர்ம்வேர் என்ற சொல் பழக்கமில்லாத நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிண்டருக்குள்ளும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. தாளை எப்போது இழுப்பது, மையை எங்கே தெளிப்பது என்றெல்லாம் அதற்குச் சொல்லித்தரும் நிரந்தர மென்பொருள்தான் ஃபர்ம்வேர். அந்தக் காலத்தில் அதை ரோம் என்ற சிப்பில் தொழிற்சாலையிலேயே எழுதி அனுப்பிவிடுவார்கள். மாற்ற வேண்டுமானால் இயந்திரத்தைத் திறந்து, சிப்பைப் பிடுங்கி, வேறு சிப் செருக வேண்டும். அதனால் பிரிண்டர் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ, சாகும்வரை அப்படியே இருக்கும்.

1980 வாக்கில் வந்த எப்சன் எம்எக்ஸ்-80 அப்படிப்பட்ட ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். அந்த வரிசைப் பிரிண்டர்களுக்கு எப்சன் வகுத்த கட்டளை முறையை மற்ற கம்பெனிகளும் எடுத்துக்கொண்டன. பின்னால் கம்ப்யூட்டரில் "எப்சன்" என்று தேர்ந்தெடுத்தால் யார் தயாரித்த டாட் மேட்ரிக்ஸும் பெரும்பாலும் வேலை செய்தது. நம் ஊர் வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் கரகரவென்று சத்தம் போட்டபடி பல வருடம் உழைத்தவை இந்த ஜாதிதான். ரிப்பன் மங்கினால் அந்த ரிப்பனுக்கே மறுபடி மை ஏற்றிப் பயன்படுத்திய அலுவலகங்கள் எத்தனையோ. விரல் எல்லாம் கறுப்பாகும், சட்டையில் பட்டால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டும். ஆனால் இது யாருடைய ரிப்பன் என்று அந்தப் பிரிண்டர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கத் தெரியாது.

1984இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஹெச்பி திங்க்ஜெட் என்ற இங்க்ஜெட் பிரிண்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே வருடம் தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா என்ற ஜப்பானியர், மின்சாரத்தாலேயே அழித்து எழுதக்கூடிய ஃப்ளாஷ் நினைவகம் பற்றி ஒரு மாநாட்டில் அறிவித்தார். இன்று நம் பென் டிரைவிலும் செல்போனிலும் இருப்பது அதன் வம்சம்தான். பின்னாளில் பிரிண்டருக்குள்ளும் ரோமின் இடத்தில் ஃப்ளாஷ் வந்தது. இயந்திரத்தைத் திறக்காமலே ஃபர்ம்வேரை மாற்ற முடிந்தது. அப்புறம் பிரிண்டர் இணையத்தோடு இணைந்தது. நம்மைக் கேட்காமலும் மாற்ற முடிந்தது.

வியாபாரக் கணக்கும் இதற்கிடையில் மாறிவிட்டது. 1988இல் ஹெச்பி டெஸ்க்ஜெட் வந்தபோது அமெரிக்காவில் விலை 995 டாலர். போட்டி வளர வளர பிரிண்டர் விலை சரிந்தது, லாபம் மைக்கு நகர்ந்தது. சவர ரேசரைச் சல்லிசாகக் கொடுத்து பிளேடில் சம்பாதிக்கும் கணக்கு. புதுக் கார்ட்ரிட்ஜ் ஜோடியின் விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுப் பிரிண்டரே வாங்கிவிடலாம் என்ற பேச்சு உங்கள் காதிலும் விழுந்திருக்கும். அந்த விலையில் மற்றவர்கள் போட்டிக்கு வராமல் இருப்பார்களா? சென்னை ரிச்சி தெருவில் ஊசியால் மை நிரப்பிக் கொடுத்தார்கள். வெளிநாடுகளில் பெரிய கம்பெனிகளே கார்ட்ரிட்ஜ் தயாரித்தன. அதைத் தடுக்கத்தான் கார்ட்ரிட்ஜில் சிப் வைக்கும் யோசனை வலுத்தது.

இந்தச் சண்டை முதலில் பெரிய அளவில் கோர்ட்டுக்குப் போனது ஹெச்பியால் அல்ல, லெக்ஸ்மார்க்கால். 1991இல் ஐபிஎம்மிலிருந்து பிரிந்து வந்த கம்பெனி அது. அதன் சில லேசர் பிரிண்டர்களுக்கான டோனர் கார்ட்ரிட்ஜில் ஒரு சிப் இருந்தது. சிப்பும் பிரிண்டரும் ரகசியமாகக் கைகுலுக்கிக்கொண்டால்தான் அச்சு வரும். வட கரோலினாவைச் சேர்ந்த ஸ்டாட்டிக் கன்ட்ரோல் என்ற நிறுவனம் அதே போலக் கைகுலுக்கும் சிப்பைச் செய்து விற்றது. 2002 டிசம்பர் கடைசியில் லெக்ஸ்மார்க் வழக்குப் போட்டது. சினிமா, பாட்டுத் திருட்டைத் தடுப்பதற்காக என்று சொல்லி 1998இல் அமெரிக்கா கொண்டுவந்த டிஜிட்டல் காப்புரிமைச் சட்டத்தையும் இதற்கு ஆயுதமாகப் பிடித்தது. அந்தச் சிப்பில் இருந்த நிரல் எவ்வளவு பெரியது தெரியுமா? ஒரு வகையில் 37 பைட், இன்னொன்றில் 55 பைட். நம் மொழியில் சொன்னால், ஒரு வாழ்த்துத் தந்தி அளவு.

கீழ்க்கோர்ட்டு 2003இல் லெக்ஸ்மார்க் பக்கம் நின்று தடை விதித்தது. மேல்முறையீட்டில் 2004 அக்டோபரில் அந்தத் தடையை நீக்கினார்கள். இன்னொரு வழக்கில், பழைய லெக்ஸ்மார்க் கார்ட்ரிட்ஜ்களைப் புதுப்பித்து விற்ற இம்ப்ரெஷன் ப்ராடக்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் மீது காப்புரிமை மீறல் குற்றம் சாட்டப்பட்டது. அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 மே 30 அன்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பு வந்தது. ஒரு பொருளை விற்றுவிட்டால் அதன் மேல் காப்புரிமைப் பிடி அதோடு தீர்ந்தது; வாங்கியவன் அதை என்ன செய்தாலும் அந்தச் சட்டத்தைக் காட்டித் தடுக்க முடியாது என்பது சாரம்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தீர்ப்பு எந்தப் பிரிண்டரையும் இதை ஏற்றுக்கொள் என்று கட்டாயப்படுத்தவில்லை. கோர்ட்டில் தோற்றதைக் கம்பெனி ஃபர்ம்வேரில் எழுதிக்கொள்ளலாம். அங்கே வாய்தா இல்லை, வக்கீல் இல்லை, எதிர்த்தரப்புக்கு நோட்டீசும் இல்லை.

பிரிண்டர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் எஃப்டிடிஐ என்றொரு நிறுவனம். பழைய சீரியல் போர்ட் கருவிகளை யூஎஸ்பியில் இணைக்கும் சிப்புகளுக்குப் பேர்போனது. அதைப் பார்த்துப் போலிகள் ஏராளமாக வந்தன. 2014இல் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அவர்களுடைய புதிய டிரைவர், போலிச் சிப்பைக் கண்டால் அதன் அடையாள எண்ணையே பூஜ்யமாக மாற்றி எழுதிவிட்டது. அப்புறம் எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் அந்தக் கருவியை அது அடையாளம் காணாது. கூச்சல் எழுந்ததும் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். போலி செய்தவன் மேல் எஃப்டிடிஐக்குக் கோபம் நியாயம். ஆனால் கேபிள் வாங்கியவருக்கு உள்ளே இருப்பது யாருடைய சிப் என்று எப்படித் தெரியும்? கள்ளநோட்டு அச்சடித்தவனை விட்டுவிட்டு, காய்கறிக்காரம்மாவிடம் இருந்த நோட்டைக் கிழித்துப் போட்ட கதை.

ஹெச்பிக்கு வருவோம். அந்தச் செப்டம்பரில் எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் பவுண்டேஷன் என்ற அமைப்பின் சார்பில் எழுத்தாளர் கோரி டாக்டரோ, ஹெச்பியின் தலைவர் டியோன் வைஸ்லருக்குத் திறந்த கடிதம் எழுதினார். ஆயிரக்கணக்கானோர் ஆதரவளித்தார்கள். இரண்டே நாளில் பதில் வந்தது. சரியாகத் தெரிவிக்காததற்கு மன்னிப்பு. இந்தத் தடை இல்லாத ஃபர்ம்வேரை வேண்டுகிறவர்களுக்குத் தருகிறோம் என்றார்கள். கவனியுங்கள், சொல்லாமல் செய்ததற்குத்தான் மன்னிப்பு, செய்ததற்கு இல்லை. தங்கள் கண்டுபிடிப்புகளையும் அச்சுத் தரத்தையும் காக்கவே இது என்பது அவர்கள் தரப்பு. கண்ட கண்ட மையால் பிரிண்டர் கெட்டுப்போவதும் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கெடுத்துக்கொள்ளும் உரிமையும் காசு கொடுத்தவனுடையதுதானே!

அப்புறம் வந்தவற்றை வேகமாகச் சொல்கிறேன். 2018இல் ஆஸ்திரேலியாவில் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 50 டாலர் தர ஒப்புக்கொண்டது. அதே வருடம் அமெரிக்காவில் கூட்டு வழக்கை 15 லட்சம் டாலரில் சமரசம் செய்தது. 2020 டிசம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. இவ்வளவும் நடந்த பிறகும் வழக்கம் நிற்கவில்லை. 2023இலும் புதிய அப்டேட்களுக்குப் பின் வேற்றுக் கார்ட்ரிட்ஜ் வேலை செய்யவில்லை என்ற புகார்கள் வந்தன. 2024 ஜனவரியில் ஹெச்பியின் அப்போதைய தலைவர் என்ரிக் லோரெஸ், கார்ட்ரிட்ஜ் வழியாக வைரஸ் வரலாம் என்று தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார்.

அந்தப் பயத்தில் பாதி உண்மை இருக்கிறது என்பதால்தான் எனக்கு இந்தக் கதை கசக்கிறது. 2011இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சால்வடோர் ஸ்டோல்ஃபோவும் அவருடைய மாணவர் ஆங் குய்யும், அச்சடிக்க அனுப்பும் ஒரு கோப்புக்குள் ஒளித்துவைத்தே ஹெச்பி லேசர்ஜெட்டின் ஃபர்ம்வேரை மாற்ற முடியும் என்று காட்டினார்கள். அந்த ஓட்டையை அடைத்தது எது? அடுத்த மாதம் ஹெச்பி வெளியிட்ட ஃபர்ம்வேர் அப்டேட்தான். ஆக, அப்டேட் வேண்டும். அடி வாங்கியவரோ இனி அதை நம்பமாட்டார். இன்று இணையத்தில் பிரிண்டர் பற்றித் தேடினால் முதலில் கிடைக்கும் அறிவுரைகளில் ஒன்று, வாங்கியதும் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிடுங்கள் என்பது. அப்படி நிறுத்தியவர் கார்ட்ரிட்ஜைக் காப்பாற்றிக்கொள்கிறார். ஓட்டை திறந்தே கிடக்கிறது.

வேறு வழி இல்லாமலும் இல்லை. இந்தோனேசியாவில் எப்சன் பிரிண்டர்களுக்கு வெளியே பாட்டிலையும் குழாயையும் கட்டி, மையை நேராக ஊற்றி ஓட்டும் வழக்கம் கடைகளில் பரவியிருந்தது. எப்சன் 2010இல் அதே அமைப்பைத் தானே செய்து, பக்கவாட்டில் மைத் தொட்டியோடு அந்த நாட்டில் விற்றது. பிரிண்டர் விலையை ஏற்றினார்கள், மை விலையைக் குறைத்தார்கள். பின்னர் நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் அது வந்து உட்கார்ந்தது. ஹெச்பியே பிற்பாடு தொட்டி பிரிண்டர் போட்டது.

கார்ட்ரிட்ஜ் பிரிண்டர்களை ஹெச்பி இன்றும் விற்கிறது. இப்போது சொல்லிவிட்டே விற்கிறார்கள். ஹெச்பி சிப் உள்ள கார்ட்ரிட்ஜோடு மட்டும் இயங்குவதற்கான பிரிண்டர் இது, மற்ற சிப்புகளைத் தடுக்கும், அவ்வப்போது வரும் அப்டேட்கள் இப்போது வேலை செய்யும் கார்ட்ரிட்ஜையும் தடுக்கக்கூடும் என்று விவரக் குறிப்பில் அச்சிட்டிருக்கிறார்கள். எழுத்து பொடி. கண்ணாடி போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள்.