மலைச்சாலையில் ஓர் ஓரம்

ஒரு சாலையின் அகலத்தைக் கண்டாலே, அதைப் போட்டவர்கள் யாரை மனத்திற்கொண்டு போட்டார்கள் என்பது விளங்கிவிடும். கேமரன் மலைச் சாலையின் வரலாறும் இவ்வுண்மையையே உணர்த்துகின்றது.

நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியை ஆராய்ந்தது 1885-ஆம் ஆண்டில். ஆயினும், தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு மோட்டார் சாலை திறக்கப்பட்டது 1931-இல்தான். அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னரே, 1929-இல், ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவியிருந்தார். குளிர்ச்சி நாடி மலையேறிய துரைமார்களின் காருக்கும், தேயிலை ஏற்றிய லாரிக்கும் அச்சாலை பயன்பட்டது. கொழுந்து கிள்ளிய நம் பாட்டாளியோ அதன் ஓரத்தில் நடந்தார். மிதிவண்டி வாங்கியவரும் ஏற்றத்தில் அதைத் தள்ளிக்கொண்டு சென்றார். இறக்கத்தில் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு வந்தார்.

இன்று காய்கறி லாரிகளும் சுற்றுலாப் பேருந்துகளும் அவ்வழியே விரைகின்றன. ஒருபுறம் மலைச்சரிவும் கால்வாயும், மறுபுறம் பள்ளம். இடையில் மிதிவண்டிக்காரர் எங்கே ஒதுங்குவார்?

இதற்கு வழியில்லை என்பார் சிலர். 1970-களின் தொடக்கத்திலேயே கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தனித்தடம் அமைத்த நாடு நம் நாடு. பெருவாகனத்தையும் சிறுவண்டியையும் பிரித்து வைத்தால் விபத்துக் குறையும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் மெய்ப்பித்தன.

மலையைக் குடைந்து முழுத்தடம் அமைப்பது எளிதன்று, செலவும் மிகுதி. ஆனால், ஏறுபவரே மெதுவாகச் செல்பவர். களைப்பால் வண்டி தள்ளாடுவதும் அப்போதுதான். இறங்குபவரோ ஏறக்குறைய மோட்டார் வண்டியின் வேகத்திலேயே வருகிறார். ஆகவே, கிடைக்கும் சிறு அகலத்தையும் முதலில் ஏறுமுகப் பக்கத்திற்கே தருதல் வேண்டும். கால்வாய்க்கு உறுதியான மூடி இடுதல், வளைவுகளில் கண்ணாடி நிறுத்துதல், ஆங்காங்கே ஒதுங்குமிடம் அமைத்தல் ஆகியன பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை.

2016-இல் லங்காவி மிதிவண்டிப் பந்தயம் கேமரன் மலைக்கு ஏறி வந்தது. பந்தய வீரர்களுக்காக ஒருநாள் வழிவிட்ட சாலை, பள்ளிக்குச் செல்லும் தோட்டப் பிள்ளைக்கு நாள்தோறும் ஓர் ஓரம் தரலாகாதா? தேயிலையைப் பத்திரமாய்க் கீழே இறக்கிய சாலை, அதைப் பறித்தவர் வழிவந்தோரையும் பத்திரமாய் வீடு சேர்க்கட்டும்.