குவிமாடமும் அங்காடியும்: இஸ்தான்புல் நகர வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

இஸ்தான்புல் நகருக்குச் செல்வோர் முதலில் காண விழைவது ஹேகியா சோபியா என்னும் பெருங்கட்டடத்தையே. 537 இல் கிறித்தவப் பேராலயமாகத் திறக்கப்பட்ட அது 1453 இல் பள்ளிவாசலாகவும், 1935 இல் அரும்பொருட்சாலையாகவும், 2020 இல் மீண்டும் பள்ளிவாசலாகவும் மாறியது. இம்மாற்றங்களை இரு மதங்களின் ஓயாப் போராட்டமாகக் காணும் மரபு வலுவானது. ஆயின், மதத்தை மாத்திரம் கொண்டு இந்நகரின் வரலாற்றை விளக்கிவிட முடியுமா?

கட்டடத்தின் தோற்றத்தை முதற்கண் நோக்குவோம். 532 ஜனவரியில் பேரரசன் ஜஸ்டினியனுக்கு எதிராக நகரமக்கள் கிளர்ந்தெழுந்தனர். கடும் வரி அறவீடும், அதற்குப் பொறுப்பாயிருந்த அமைச்சன்மீது கொண்ட வெறுப்பும் அக்கிளர்ச்சியின் காரணிகளுள் முக்கியமானவை. பழைய ஆலயம் தீக்கிரையாயிற்று. குதிரைப்பந்தய அரங்கிற் கூடியிருந்தோரைப் படையினர் வெட்டி வீழ்த்தினர். ஏறத்தாழ 30,000 பேர் மாண்டனர் என்பர் அக்கால வரலாற்றாசிரியர் புரொக்கோப்பியஸ். ஆறு வாரங்கள் கழியுமுன்னரே புதிய ஆலயத்தின் வேலை தொடங்கிற்று. இறைபக்தியின் சின்னமாகப் போற்றப்படும் இக்குவிமாடம், ஒடுக்கப்பட்ட கிளர்ச்சியின்மீது எழுந்த அரசதிகாரத்தின் சின்னமுமாகும்.

ஒரே மதத்தவர் என்ற உறவும் நகரைக் காக்கவில்லை. கொன்ஸ்தாந்திநோபிளிற் சுங்க விலக்குப் பெற்று வளர்ந்திருந்த வெனிஸ் வணிகரின் கப்பல்களிலேயே நான்காம் சிலுவைப் போரினர் புறப்பட்டனர். கப்பற் கூலியைச் செலுத்த இயலாது கடன்பட்ட அவர்கள், பைசாந்திய இளவரசன் ஒருவன் வாக்களித்த பணத்தை நாடி அந்நகரை அடைந்தனர். அப்பணம் முழுமையாகக் கிடையாதுபோகவே, 1204 இல் கிறித்தவ நகரொன்றைக் கிறித்தவரே சூறையாடினர்.

1453 இல் நகரைக் கைப்பற்றிய ஒட்டோமன் சுல்தான் இரண்டாம் மெஹ்மத், குடிகள் குறைந்த தலைநகரால் பயனில்லை என்பதை உணர்ந்திருந்தான். முஸ்லிம்களோடு கிரேக்கரும் ஆர்மீனியரும் யூதரும் அங்கு குடியேற்றப்பட்டனர். அவர்களுட் பலர் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டோர். அவன் கட்டுவித்த அங்காடியின் வருவாய் ஹேகியா சோபியாவின் பராமரிப்புக்கு அறக்கொடையாக விடப்பட்டது. வழிபாடு மாறியபோதும் அரசு, அங்காடி, ஆலயம் ஆகியவற்றின் பிணைப்பு மாறவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

மக்களின் நம்பிக்கை வெறும் போலி என்பது இதன் பொருளன்று. அந்நம்பிக்கையை எவர், எந்நோக்குடன் பயன்படுத்தினர் என்பதே கேள்வி. 1934 இல் அரும்பொருட்சாலையாக்கும் தீர்மானத்தை எடுத்ததும் அரசே. 2020 ஜூலையில் அதனை மாற்றியதும் அரசே. இரு சந்தர்ப்பங்களிலும் கடந்தகாலம் நிகழ்கால அரசியலின் தேவைக்கேற்பப் பொருள்கொள்ளப்பட்டது.

558 இல் இடிந்து வீழ்ந்த குவிமாடத்தை மீளக் கட்டியோரும், பதினாறாம் நூற்றாண்டிற் சிற்பி சினானின்கீழ் அதற்கு உதைசுவர் எழுப்பியோரும் வெவ்வேறு மன்னரின் கீழ் உழைத்தவர்கள். ஒருவர் உழைப்பை மற்றவர் உழைப்பே தாங்கி நிற்கிறது. கட்டடம் எம்மதத்தவர்க்கு உரியது என்று வழக்காடுவோர் காணத் தவறும் வரலாறு இதுவே.