கஞ்சாச் சாராயத்தின் ஒரு துளி: கொல்கத்தா, 1839

கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த கன்னாபிடியால் கொண்டு ஒரு பிரிட்டன் நிறுவனம் உருவாக்கிய எபிடியோலெக்ஸ் என்னும் வலிப்பு மருந்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 ஜூனில் ஒப்புதல் வழங்கியது. இதைப் புத்தம் புதிய திறப்பாகப் பேசுவோர், கொல்கத்தா மருத்துவக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வில்லியம் புரூக் ஓஷானசி 1839இல் எழுதிய கட்டுரையை ஒருமுறை வாசிப்பது நலம்.

அதில் ஒரு குழந்தை வருகிறது. பிறந்து நாற்பது நாள்; ஓயாத வலிப்பு. வழக்கமான சிகிச்சைகள் பயன் தராத நிலையில், கஞ்சாப் பிசினைச் சாராயத்தில் கரைத்த மருந்தில் ஒரு துளி அதன் நாவில் இடப்படுகிறது. உடனடி மாற்றமில்லை. மேலும் இரு துளிகள், குழந்தை உறங்குகிறது. வலிப்பு மீள்கிறது, அளவு கூட்டப்படுகிறது. இறுதியில் குழந்தை பிழைத்தது. பெயர் பதிவாகவில்லை, தந்தையின் முதலெழுத்துகள் மட்டுமே உள்ளன. வெறிநாய்க்கடி நோயாளியை இதே மருந்தால் காப்பாற்ற இயலவில்லை என்பதையும், அவரது வேதனை தணிந்ததையும் ஓஷானசி மறைக்காமல் எழுதுகிறார். விலங்குகளில் சோதித்த பின்னரே நோயாளிகளிடம் சென்றார்.

என்னைப் பெரிதும் ஈர்ப்பது கட்டுரையின் முற்பகுதிதான். நூல்களில் இச்செடி பற்றி என்ன உள்ளது என அவர் கேட்டறிந்தவர்களின் பெயர்கள் அங்கே உள்ளன: மதுசூதன் குப்தா, ஆசியக் கழகத்தின் பண்டிதர் கமலாகாந்த வித்யாலங்கார், ஹூக்ளி இமாம்பாராவின் சையது கராமத் அலி, தெஹ்ரானைச் சேர்ந்த ஹக்கீம் மிர்சா அப்துல் ரசாக். மதுசூதன் குப்தா 1836இல் அக்கல்லூரியில் மனித உடலை அறுத்துக் கற்பித்த வழியில் முன்னோடியாக அறியப்படுபவர். சமஸ்கிருத, பாரசீக, அரபு மரபுகள் ஒரே மேசையில் கூடிய அந்தத் தருணம், பின்னாளைய மருத்துவ வரலாறுகளில் 'ஓஷானசி அறிமுகப்படுத்தினார்' என்ற ஒற்றை வினைச்சொல்லாகச் சுருங்கிவிட்டது. அவரே பெயர் சொல்லி நன்றி கூறியவர்களை வரலாறு ஏன் கைவிட்டது? காலனிய ஆணவம் என்று மட்டும் சொல்லி நகர்வது எளிது. நாமும் அக்கட்டுரையை முழுதாக வாசிக்காமல் மேற்கோள்களையே மேற்கோள் காட்டிவந்தோம்.

மொழியியல் படித்தவனுக்கு இன்னொன்றும் தென்படுகிறது. இலை பாங், பூந்தலை கஞ்சா, பிசின் சரஸ் என அங்காடி வழங்கிய மூன்று சொற்களையே ஓஷானசி தம் வகைப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டார். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் சரசையும் கஞ்சாவையும் அப்பெயர்களாலேயே சுட்டுகிறது. பூந்தலையோடு சேராத இலையும் விதையும் அதன் வரையறைக்கு வெளியே நிற்கின்றன.

அந்தத் துளியின் சிக்கல் அதன் வலிமை நிலையாக இல்லாதது. பிசினுக்குப் பிசின் வீரியம் மாறும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது மருத்துவர் கைவிட்டுப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். 1963இல் கன்னாபிடியாலின் வேதிக் கட்டமைப்பு தெளிந்த பின்புதான், ஒரு துளிக்குள் என்ன, எவ்வளவு இருக்கிறது என அளந்து குழந்தைக்குக் கொடுக்கும் வழி பிறந்தது.